செய்தி அறையின் இரண்டாவது ஆள்

1940-ல் லண்டன் மீது ஜெர்மானியக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த இரவுகளில், அமெரிக்க வீடுகளில் ரேடியோவைத் திருப்பினால் ஒரு குரல் வரும். "திஸ்..." என்று தொடங்கிவிட்டு ஒரு கணம் நிற்கும். அப்புறம்தான் "இஸ் லண்டன்". சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் செய்தியாளர் எட்வர்ட் ஆர். மரோவின் குரல் அது. அந்த ஒரு கணத்தில் கேட்பவர் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ரேடியோ பக்கம் திரும்பியிருப்பார்.

அந்த இடைவெளி மரோவுக்குத் தானாகத் தோன்றியதில்லை. வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரியில் அவருக்குப் பேச்சுக்கலை சொல்லித்தந்த ஐடா லூ ஆண்டர்சன் கொடுத்த யோசனை. சிறுவயதில் வந்த போலியோவால் முதுகு வளைந்துபோன பெண்மணி. அவர் செய்தியாளரும் இல்லை. பழைய மாணவனின் குரலைக் கடல் தாண்டி ரேடியோவில் கேட்டவர், தொடக்கம் நீளமாக இருக்கிறது, சுருக்கிக்கொள், முதல் சொல்லுக்குப் பின் கொஞ்சம் நிறுத்து என்று சொல்லியனுப்பினார். 1941-ல் இறந்துபோனார். மரோ கடைசிவரை அந்த இடைவெளியோடுதான் அறியப்பட்டார்.

ஒலிபரப்புச் செய்தித் தொழிலைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர முடியுமா என்ற பழைய சண்டைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். முடியாது என்பவர்கள் மரோவையே சாட்சிக்கு அழைப்பார்கள்: இதழியல் படிக்காதவர், வேலையில் இறங்கிக் கற்றவர். சரிதான். ஆனால் அவருடைய புகழ்பெற்ற முதல் வரியைச் செப்பனிட்டது ஒரு கல்லூரி ஆசிரியை. ஆண்டர்சன் செய்த வேலைக்குச் செய்தி அறையில் ஒரு பெயர் உண்டு: டெஸ்க். இன்னொருவர் எழுதியதை, இன்னொருவர் பேசுவதை, கேட்பவரின் காதோடு கேட்டுவிட்டு "இந்த இடம் இடிக்கிறது" என்று சொல்லும் ஆள். கேமராவுக்கு முன் நிற்பவர் முதல் ஆள் என்றால் இவர் இரண்டாவது ஆள். செய்தித் தொழிலிலிருந்து வகுப்பறைக்கு எடுத்துப்போகத் தக்க சரக்கு பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளிடம்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பல்கலைக்கழகங்கள் இதழியலைச் சேர்த்துக்கொண்டதே தயக்கத்தோடுதான். பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் 1892-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பணம் தருகிறேன், இதழியல் பள்ளி தொடங்குங்கள் என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1911-ல் அவர் இறந்தபின், 1912-ல்தான் அந்தப் பள்ளி திறந்தது. அதற்குள் மிசௌரி பல்கலைக்கழகம் முந்திக்கொண்டு 1908-லேயே தொடங்கிவிட்டது. அதன் முதல் தலைவர் வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் பட்டம் இல்லாதவர். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார்! பட்டமில்லாதவரைப் பேராசிரியராக்கலாமா என்று இன்றும் குழுப் போட்டு விவாதிக்கிறவர்கள் அவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வில்லியம்ஸ் செய்த முக்கியமான காரியம் வேறு. வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்களை வைத்து ஒரு நிஜப் பத்திரிகையை வெளியிட்டார். பயிற்சித் தாள் இல்லை; ஊர்க்காரர்கள் வாங்கிப் படிக்கும் பத்திரிகை. தவறாக எழுதினால் மறுநாள் காலை யாராவது கதவைத் தட்டுவார்கள். இதே முறையைத் தொலைக்காட்சிக்கும் நீட்டினார்கள். 1953 டிசம்பரில் மிசௌரி பல்கலைக்கழகம் கோமு என்ற தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வணிக நிலையம், என்பிசி என்ற தேசியத் தொலைக்காட்சி வலைப்பின்னலோடு இணைந்தது. செய்தி அறையில் வேலை பார்ப்பவர்களில் மாணவர்கள் கணிசம். மருத்துவ மாணவர்களுக்கு ஆஸ்பத்திரி மாதிரி என்று இதை விளக்குவார்கள். உவமை முழுக்கப் பொருந்தாது. ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவர் செய்யும் தவறு ஒரு நோயாளியோடு நின்றுவிடும். லைவில் போன தவறான பெயர் எத்தனை வீட்டுக்குள் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அங்கே மாணவர்களுக்குப் பின்னால் அனுபவப்பட்ட ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த அனுபவப்பட்டவர் உண்மையில் என்ன சொல்லித்தருகிறார்? கேமரா, எடிட்டிங் மென்பொருள் எல்லாம் மாணவர்களுக்கே அவரைவிட நன்றாகத் தெரியும். அதை விடுவோம். அவர் சொல்லித்தருவது காதுக்கு எழுதுவது. ஒரு எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் மொழியிலேயே பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சிக்கல் தமிழில் இன்னும் கூர்மையானது. வகுப்பில் எழுதிப் பார்ப்பதற்காகக் கற்பனையாக அமைத்த செய்தி இது. பத்திரிகை நடையில் இப்படி இருக்கும்:

"கனமழையால் பெருக்கெடுத்த ஆற்றில் சிக்கிய பள்ளிப் பேருந்திலிருந்து 32 குழந்தைகளைக் கயிறு கட்டி மீட்டுக்கொண்டிருந்தபோது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட தீயணைப்பு வீரரின் உடல் நேற்று மாலை கண்டெடுக்கப்பட்டது."

கண்ணால் படிக்கும்போது இதில் பெரிய குறையில்லை. புரியாவிட்டால் திரும்ப மேலே போய்ப் படித்துக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. கேட்பவருக்கு முதலில் மழை வருகிறது, அப்புறம் ஆறு, பேருந்து, குழந்தைகள், "அடித்துச் செல்லப்பட்ட"... இந்த இடத்தில் ஒரு தாய்க்கு நெஞ்சு நின்றுவிடும். அடித்துச் செல்லப்பட்டது யார் என்பது அடுத்த சொல்லில்தான் தெரியும். உடல் என்பது அதற்கும் அடுத்த சொல். தமிழில் வினை கடைசியில் வரும், பெயரெச்சங்கள் ரயில்பெட்டி மாதிரி முன்னால் கோத்துக்கொண்டே போகும். எழுத்தில் அழகாக இருக்கும் இந்த அமைப்பு ஒலிபரப்பில் பொறியாகிவிடுகிறது.

ஒரு மாணவர் இதை உடைத்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"தீயணைப்பு வீரர் ஒருவரின் உடல் ஆற்றில் கிடைத்திருக்கிறது. வெள்ளத்தில் சிக்கிய பள்ளிப் பேருந்திலிருந்து குழந்தைகளை மீட்டபோது அவர் அடித்துச் செல்லப்பட்டார். குழந்தைகள் 32 பேரும் நலம்."

நன்றாக இருக்கிறது. மூன்று வாக்கியம், மூச்சு முட்டாமல் வாசிக்கலாம், யாருக்கு என்ன ஆயிற்று என்பது வந்த உடனே தெரிகிறது. வகுப்பில் ஒருவர் கை தூக்குவார்: குழந்தைகள் நலம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டாமா? நல்ல கேள்வி. மீட்புப் பணி ஏற்கெனவே செய்தியாகிவிட்டதா, இல்லை இதுதான் முதல் தகவலா என்பதைப் பொறுத்து இரண்டும் சரியாகலாம். பத்து நிமிடம் இந்த விவாதம் ஓடும். டெஸ்கில் பழகியவர் அதுவரை பேசாமல் இருந்துவிட்டு ஒன்று கேட்பார்: "32 பேரும் நலம் என்று யார் சொன்னது?"

மேலே போய்ப் பாருங்கள். மூல வாக்கியத்தில் அது இல்லவே இல்லை. 32 குழந்தைகளை மீட்டுக்கொண்டிருந்தபோது என்றுதான் இருக்கிறது. வேலை முடிந்ததா, எல்லோரும் கரை சேர்ந்தார்களா, பேருந்தில் இருந்ததே 32 பேர்தானா, அதற்கு மேலா? தெரியாது. வாக்கியம் நன்றாக முடிய வேண்டும் என்ற ஆசையில் மாணவர் நல்ல செய்தி ஒன்றைத் தானாகவே சேர்த்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நடை சரளமாக வரும்போது உண்மை இப்படித்தான் நழுவும். நாமும் முதல் வாசிப்பில் அதைக் கவனிக்காமல் நகர்ந்திருப்போம், "முதலில் சொல்லலாமா" என்று கேட்ட மாணவர் உட்பட.

இந்தக் கேள்வியை ஒரு பாடப்புத்தகத்தில் "தகவலைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். அந்த வரியைப் படித்த யாரும் அடுத்த முறை சரிபார்த்ததாகத் தெரியவில்லை. தன் வாக்கியத்தில் தானே மாட்டிக்கொண்டவர் சரிபார்ப்பார்.

நேரக் கணக்கு ஒன்று பாக்கி. ஆங்கிலத்தில் செய்தி வாசிப்பவர் நிமிடத்துக்கு 150, 160 சொல் போவார் என்று ஒரு கணக்கு வைத்து, 30 வினாடிக்கு 75, 80 சொல் என்று எழுதச் சொல்வார்கள். அதை அப்படியே தமிழுக்கு எடுத்துவந்து தடுமாறியவர்கள் உண்டு. "கொண்டுவரப்பட்டிருக்கிறது" என்பது நமக்கு ஒரே சொல். அதனால் சொல்லை எண்ணுவதைவிட, உரக்க வாசித்து ஸ்டாப்வாட்ச் பார்ப்பதே வழி. வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க வாசித்தால் சந்தைக்கடை மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது ஒரு மனிதரைப் பார்ப்போம். ஃபிரெட் ஃபிரண்ட்லி, மரோவின் நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர். மரோவின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாது. 1948-ல் இருவரும் சேர்ந்து, 1933 முதல் 1945 வரையிலான காலத்தின் குரல்களைத் தொகுத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். 1951 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'சீ இட் நவ்' என்ற செய்தி நிகழ்ச்சி தொடங்கியது. முதல் நிகழ்ச்சியில் புரூக்ளின் பாலத்தையும் நாட்டின் மறுகரையில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தையும் ஒரே நேரத்தில் நேரலையாகக் காட்டினார்கள். திரையில் மரோ, கண்ட்ரோல் ரூமில் ஃபிரண்ட்லி.

1954 மார்ச் 9-ல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பற்றிய நிகழ்ச்சி. பார்க்கிறவர்களையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டி நாட்டையே மிரட்டிக்கொண்டிருந்தவரை, பெரும்பாலும் அவருடைய சொந்தப் பேச்சுப் படத்துண்டுகளை வைத்தே எதிர்த்தார்கள். நிகழ்ச்சிக்கு நிறுவனம் விளம்பரம் தராததால் மரோவும் ஃபிரண்ட்லியும் தங்கள் பணத்தைப் போட்டு நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்தார்கள். இதழியல் வகுப்புகளில் இந்த நிகழ்ச்சியை வீரக்கதையாகப் போட்டுக் காட்டுவது வழக்கம். அங்கேயே நிறுத்திவிட்டால் பாதிப் பாடம்தான். ஒரு மனிதரின் மணிக்கணக்கான படச்சுருளிலிருந்து அவர் இளித்ததையும் தடுமாறியதையும் பொறுக்கிக் கோத்தால் யாரையும் எப்படியும் காட்டலாமே என்று அன்றே விமர்சித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் மெக்கார்த்தியின் ஆட்களும் இல்லை. எடிட் செய்தவரே வகுப்பில் வந்து உட்கார்ந்து, "ஆமாம், இந்தத் துண்டை எடுத்தோம், அதை விட்டோம்" என்று சொன்னால்தான் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கும்.

ஃபிரண்ட்லி 1964-ல் சிபிஎஸ் செய்திப் பிரிவின் தலைவரானார். இரண்டே ஆண்டு. 1966 பிப்ரவரி 10-ல் வியட்நாம் போர் குறித்த செனட் விசாரணையில் ஜார்ஜ் கென்னன் சாட்சி சொன்னார். சோவியத் யூனியனைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கக் கொள்கையை வகுத்தவர்களில் ஒருவரே அந்தப் போரைக் கேள்வி கேட்கிறார். என்பிசி நேரலை செய்தது. சிபிஎஸ் மேலிடம் அனுமதி மறுத்தது; அந்த நேரத்தில் 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரின் ஒரு பழைய பகுதி ஐந்தாவது முறையாக ஓடியது. சில நாட்களில் ஃபிரண்ட்லி ராஜினாமா செய்தார்.

அவர் போன இடம் கொலம்பியா இதழியல் பள்ளி. பதவியின் பெயர், எட்வர்ட் ஆர். மரோ ஒலிபரப்பு இதழியல் பேராசிரியர். கூடவே ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசகர். முந்தைய ஆண்டுதான் மரோ புற்றுநோயில் இறந்திருந்தார்.

கோபத்தில் வேலையை விட்டவர் வகுப்பறையில் என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் செய்வது, தன் போர்க்கதைகளைச் சொல்வது. முதல் வாரம் மாணவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். நான்காவது வாரம் ஃபோனைப் பார்ப்பார்கள். ஃபிரண்ட்லி கதை சொல்வதில் சளைத்தவரில்லை. ஆனால் அவர் பெயர் ஆசிரியராக நிலைத்தது வேறொரு முறையால். 1970-களின் நடுவில், சட்டக் கல்லூரிப் பேராசிரியர்களோடு சேர்ந்து கருத்தரங்குகள் நடத்தத் தொடங்கினார். நீதிபதி, போலீஸ் அதிகாரி, அரசியல்வாதி, ஆசிரியர், நிருபர் எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பார்கள். நடத்துநர் ஒரு கற்பனைச் சூழ்நிலையைக் கொடுப்பார். ரகசிய ஆவணம் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. வெளியிடுவீர்களா? சரி, அதில் ஒரு உளவாளியின் பெயர் இருக்கிறது. இப்போது? சரி, பெயரை எடுத்துவிட்டீர்கள், போட்டி நிறுவனம் பெயரோடு போடப்போகிறது. இப்போது? பதில் சொல்லச் சொல்ல முடிச்சு இறுகும். யாருடைய மனதையும் மாற்றுவது எங்கள் வேலை இல்லை, முடிவெடுக்கும் வேதனையைக் கூட்டிக்கொண்டே போய், யோசித்தால்தான் தப்ப முடியும் என்ற நிலைக்குக் கொண்டுவருவதே வேலை என்ற பொருளில் ஃபிரண்ட்லி இதை விளக்குவார். 1984-ல் அரசியலமைப்புச் சட்டம் பற்றிய ஒரு வரிசையாக இது பொதுத் தொலைக்காட்சியிலும் வந்தது. ஒலிபரப்பிலிருந்து வகுப்பறைக்குப் போனவர், வகுப்பறை முறையை ஒலிபரப்புக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

கண்ட்ரோல் ரூமை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த முறை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாம். லைவ் போய்க்கொண்டிருக்கும்போது இப்படித்தான் கேள்விகள் வரும். லைன் போய்விட்டது, இப்போது? அமைச்சர் வந்துவிட்டார், இப்போது? இறந்தவரின் பெயர் கிடைத்துவிட்டது, வீட்டுக்குச் சொல்லிவிட்டார்களா தெரியவில்லை, இப்போது?

எனக்கு ஃபிரண்ட்லியைவிடப் பிடித்தவர் எட்வர்ட் பிளிஸ். சீனாவில் மருத்துவ மிஷனரியின் மகனாகப் பிறந்தவர். சிபிஎஸ்ஸில் மரோவுக்கும் பிறகு செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோன்கைட்டுக்கும் செய்தி எழுதித் திருத்தியவர். குரோன்கைட்டின் முகம் நாட்டுக்கே தெரியும். அந்த வாயிலிருந்து வரும் வரிகளில் கை வைத்தவரைத் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது. 1968-ல் வேலையை விட்டு, வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் ஒலிபரப்பு இதழியல் பாடத்திட்டத்தை உருவாக்கினார். ஒலிபரப்புக்கு எழுதுவது எப்படி என்று ஒரு பாடநூலும், ஒருவரோடு இணைந்து எழுதி, வெளியிட்டார். இவரிடம் சொல்வதற்கு ராஜினாமா நாடகம் எதுவும் இல்லை. தினமும் மாலை ஐந்தரைக்கு வந்து விழும் தாளில் எந்தச் சொல்லை வெட்டுவது என்ற அறிவு மட்டும் இருந்தது. சொல்லித்தருவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நட்சத்திரங்களை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. மார்வின் கால்ப் 1957-ல் ஹார்வர்டில் ரஷ்ய வரலாற்று ஆய்வு மாணவர். மரோ அழைத்ததால் சிபிஎஸ்ஸுக்குப் போனார். முப்பது ஆண்டு திரையில் இருந்துவிட்டு 1987-ல் அதே ஹார்வர்டுக்குத் திரும்பி, பத்திரிகைத் துறையையும் அரசியலையும் ஆராயும் ஷோரன்ஸ்டைன் மையத்தின் முதல் இயக்குநரானார். பிரிட்டனில் ஐடிஎன் என்ற தொலைக்காட்சிச் செய்தி நிறுவனத்தை நடத்திய ஸ்டூவர்ட் பர்விஸ், லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சி இதழியல் பேராசிரியராக இருந்தார். ஆனால் கவனித்தால், பர்விஸும் திரைக்குப் பின்னால் இருந்த ஆசிரியர்தான்.

இப்படி வருபவர்களுக்குப் பல்கலைக்கழகத்துக்குள் வரவேற்பு எப்படி? அமெரிக்க இதழியல் துறைகளில் இரண்டு கட்சிகளுக்குக் கிண்டல் பெயர்களே உண்டு. பழைய துணை ஆசிரியர்கள் விளக்கு வெளிச்சம் கூசாமல் இருக்க நெற்றியில் கட்டிக்கொண்ட பச்சை மறைப்பின் பெயரால் ஒரு கட்சி, செய்தி அறையிலிருந்து வந்தவர்கள். எண்ணிக்கைகளை ஒப்பிடும் புள்ளியியலின் கை-வர்க்கச் சோதனையின் பெயரால் இன்னொன்று, ஆய்வுக்காரர்கள். முதல் கட்சி, இவர்கள் ஒரு தீ விபத்தைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை என்று சொல்லும். இரண்டாவது கட்சி, இவர்களுக்குத் தாங்கள் ஏன் அப்படிச் செய்கிறோம் என்றே தெரியாது என்று சொல்லும். இரண்டிலும் உண்மை இருப்பதுதான் சங்கடம். இருபது ஆண்டு செய்தி அறையில் இருந்தவர் "இது செய்தி, அது செய்தி இல்லை" என்று மூக்கால் மோந்து சொல்வார். ஏன் என்று மாணவர் கேட்டால் கோபம் வரும். வேலையிடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நேரம் இருக்காது. வகுப்பறையில் முதன்முறையாகத் தன் மூக்கை நியாயப்படுத்த வேண்டிவரும்போது, அதில் எவ்வளவு அறிவு, எவ்வளவு வெறும் பழக்கம் என்று அவருக்கே தெரிய வருகிறது. யாருடைய சாவு தலைப்புச் செய்தி, யாருடைய சாவு ஸ்க்ரோல் என்பதை அவர் மூக்கு எங்கிருந்து கற்றது? இங்கே ஆய்வுக்காரர்களின் எண்ணிக்கைகள் உதவும். பச்சை மறைப்புக்காரர்கள் இதை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மதிப்பெண் என்று வரும்போது இன்னொரு தலைவலி. செய்தியை முடித்துக் கொடுத்தவருக்கு எழுபது. உறுதிப்படுத்த முடியாததால் கொடுக்கவில்லை என்று வெறுங்கையோடு வந்த மாணவருக்கு? வேலையில் அவர்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியவர். மதிப்பெண் பட்டியலில் பூஜ்யம். தேடியதற்கான குறிப்புகள், யாரை எத்தனை மணிக்குத் தொடர்புகொண்டார், யார் என்ன சொல்லி மறுத்தார்கள் என்ற பதிவைக் கேட்டு வாங்கி அதற்கு மதிப்பெண் போடுவது ஒரு வழி. தேர்வுப் பிரிவில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது ஆசிரியரின் சாமர்த்தியம்.

செய்தி அறைக்கு யார் வருகிறார்கள் என்பதையே மாற்றும் வாய்ப்பும் ஆசிரியருக்குக் கிடைக்கிறது. வேலையில் இருக்கும்போது அதற்கு நேரம் இருப்பதில்லை. 1967-ல் அமெரிக்க நகரங்களில் நடந்த கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் குழு, 1968-ல் வெளியிட்ட அறிக்கையில் செய்தி நிறுவனங்களையும் குற்றம்சாட்டியது. கறுப்பின மக்களின் வாழ்க்கையை வெள்ளையர் கண்ணால் மட்டுமே பார்க்கிறீர்கள், அவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்றது. ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அதே ஆண்டு கோடையில் ஃபிரண்ட்லி ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தோடு கொலம்பியாவில் சிறுபான்மையினருக்கான குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கினார். அதில் 1970-ல் படித்தவர் மிஷேல் கிளார்க். சிகாகோவில் நிருபராக இருந்து, சிபிஎஸ்ஸின் தேசியச் செய்தியாளராகி, 1972 அதிபர் தேர்தலில் களத்தில் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 8-ல் சிகாகோவில் நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. பயிற்சித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1974-ல் கொலம்பியாவில் அது நின்றுபோனது. 1976-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வேறு ஆட்கள் அதை மறுபடி தொடங்கினார்கள்.